சும்மா வரிசை

எட்டாவது வரிசையின் ஏழாவது குழியில் ஓர் அமீபா உருண்டையாகியிருந்தது.

ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் இருந்த நூற்றுக்கணக்கானவை வழக்கம்போலக் குழியின் தரையில் கால்பரப்பி, சிந்திய பசை காய்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. இது மட்டும் எல்லாக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, தரையின் பிடியை விடலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வேறு எந்த வரிசையாக இருந்தாலும் அவள் துள்ளிக் குதித்திருப்பாள். அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் காத்துக் கிடப்பதே அமீபா சாவதற்காகத்தான். தொட்டி, குளம், குழாய், குளிரூட்டும் இயந்திரத்தின் அடியில் தேங்கும் நீர் என்று எங்கிருந்தாவது தண்ணீரைக் கொண்டுவந்து, தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் அமீபாக்களோடு சேர்த்து வைப்பார்கள். தண்ணீரில் ராட்சத வைரஸ் இருந்தால் அமீபா அதை இரை என்று நினைத்து விழுங்கும். விழுங்கப்பட்டது உள்ளே உட்கார்ந்து தன் வேலையை ஆரம்பிக்கும். ஒரு நாளுக்குள் அமீபா கால்களை இழுத்துக்கொள்ளும், உருளும், தரையை விட்டு மிதக்கும், வெடிக்கும். வெடித்ததிலிருந்து ஆயிரம் வரும்.

ஆனால் எட்டாவது வரிசையில் எந்தத் தண்ணீரையும் ஊற்றுவதில்லை. வெறும் அமீபா மட்டும். ஒன்றும் போடாமல் சும்மா விடுவதால் அங்கே அதற்குச் சும்மா வரிசை என்றே பெயர். உயிரோடு இருப்பதுதான் அதன் ஒரே வேலை. மேலே ஏழு வரிசைகளில் எது செத்தாலும் அந்தச் சாவுக்கு அர்த்தம் வருவது, எட்டாவதில் ஒன்றும் சாகாமல் இருப்பதால்தான்.

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். எதைப் பார்த்தாலும், எத்தனை முறை பார்த்தாலும், நேரம் போட்டு எழுதிவிடுவது அவள் வழக்கம். ‘திங்கள் காலை 9.40. எட்டு – ஏழு. பார்த்தேன். ஒன்று உருண்டை.’ அதற்குக் கீழே, ‘என் கண்ணாகவும் இருக்கலாம்’ என்று எழுதினாள். 9.45-க்கு மறுபடி பார்த்தாள். 9.50-க்கு மறுபடி.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘மறுபடி’ என்றே பட்டப்பெயர். வைத்தவர் எதிர் மேசைக்காரர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, வடிகட்டி. பதினைந்து வருடமாகத் தண்ணீரை வடிகட்டுவதுதான் அவர் வேலை.

“உலகத்துல எல்லாரும் வடிகட்டின தண்ணியைக் குடிச்சிட்டு வடிகட்டியைக் கழுவி வெச்சிடறாங்க. நாம மட்டும்தான் வடிகட்டில நின்னதை வெச்சுக் குடும்பம் நடத்தறோம்” என்பார் அவர். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் விஷயம் அதுவேதான். வைரஸ் என்றால் மிகமிகச் சிறியது, எந்த வடிகட்டியிலும் நழுவிப் போய்விடும் என்று நினைத்து, நழுவிய நீரிலேயே காலம் காலமாக அதைத் தேடினார்கள். ராட்சத வைரஸ் ஓட்டைக்குள் போகாமல் மேலேயே நின்றுவிட்டது. பார்த்தவர்களும் ஏதோ பாக்டீரியா என்று நினைத்துக் குப்பையில் போட்டார்கள்.

மதியத்துக்குள் ஏழாவது குழியில் பாதி அமீபாக்கள் மிதந்தன. ஐந்து மணிக்கு ஆறாவது, எட்டாவது குழிகளிலும்.

“அண்ணா, சும்மா வரிசை சாகுது.”

வடிகட்டி தலை தூக்கவில்லை. “உன் முகத்தைப் பாத்துப் பயந்திருக்கும்.”

“விளையாட்டில்ல அண்ணா. மூணு குழி போயிடுச்சு.”

அவர் கையிலிருந்த பிப்பெட்டைக் கீழே வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைவு. முப்பத்தொன்பது.

மூடிக்கிடந்த பழைய கட்டடம் ஒன்றின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எடுத்த முப்பத்தொன்பதாவது நீரில் அவர்களுக்கு ஒன்று கிடைத்திருந்தது. இதுவரை தெரிந்த எந்தக் குடும்பத்திலும் சேராதது. அதன் மரபணுக்களில் பாதிக்குமேல் எங்கேயும் ஒப்பு இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் அது வட்டமாக, நடுவில் ஒரு குழியோடு, குழிக்குள் இன்னும் கறுப்பாக ஒரு பொட்டோடு இருந்தது. அதன் உருவத்தை வரைந்து அளவெடுத்து வகைப்படுத்தும் படிவத்தை நிரப்பும் பொறுப்பு அவளுடையது. மூன்று வாரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவள் ஒருத்திதான் உயிருள்ள குழிகளில் மணிக்கணக்காக அதைப் பார்த்தவள். சனிக்கிழமை அதைப் புதிய குடும்பமாக ஏற்கலாமா என்று சோதிக்க நிபுணர் குழு வருகிறது.

சும்மா வரிசையே சாகிறது என்றால் முப்பத்தொன்பது என்று ஒன்று இல்லை. யாரோ ஒருவருடைய கையில் ஒட்டிவந்த அழுக்கு, அவ்வளவுதான்.

பேராசிரியர் அன்று மாலையே அவர்களை அறைக்குள் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர். மேசைமேல் இருந்த தட்டை விரலால் தொடாமல், பேனாவின் முனையால் தள்ளினார்.

“யார் கை?”

வடிகட்டி கூரையைப் பார்த்தார்.

“தட்டு போட்டது நான்தான் மேடம்” என்றாள் அவள்.

“நாளைக்கு ஆளுக்கொரு தட்டு போடுங்க. யார் கை சுத்தம்னு அமீபாவே சொல்லட்டும்.”

கை சுத்தம். வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது அந்த வார்த்தை அவளுக்குள் இரண்டாகப் பிளந்தது. அழுக்கு ஒட்டிய கை ஒன்று. திருட்டுக் கை இன்னொன்று. மேடம் எதைச் சொன்னார்?

*

வீடு நான்காவது மாடி. தங்கையும் அவளும் மட்டும். தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்ததால் தங்கை நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். படிப்பதென்றால் அவளுக்கு நடந்துகொண்டே படிக்க வேண்டும், அதுவும் குதிகால் அதிர. கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பாள். தங்கை பதிலுக்கு இரண்டு மிதி கூடுதலாக மிதிப்பாள். மாலையில் படியேறும்போதே அந்தச் சண்டை காதில் விழும்.

திங்கள் மாலை விழவில்லை. தங்கை போர்வைக்குள் இருந்தாள்.

“காய்ச்சலாடி?”

“காய்ச்சல் இல்ல. ஒரு மாதிரி அசதி. நீ ஏன் திருடி மாதிரி முழிக்கிறே?”

அந்தச் சொல் சுருக்கென்றது. அவள் நெற்றியைத் தொட்டாள், சூடு அதிகமில்லை. இருந்தாலும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நேரம் போட்டு எழுதினாள். அரைமணிக்கு ஒருதரம் கதவருகே போய் நின்று பார்த்தாள். போர்வை ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கியது. போய்ப் படுத்தவள் சந்தேகம் வந்து மறுபடி எழுந்து பார்த்தாள்.

“தூங்க விடேன். என்ன பாக்கறே?”

“சும்மாதான் பாத்தேன். தூங்கு.”

செவ்வாய்க்கிழமை அவளும் வடிகட்டியும் ஒரே மேசையில், ஒரே புட்டியிலிருந்து அமீபா எடுத்து, ஆளுக்கொரு தட்டு போட்டார்கள். புதிய கையுறை, புதிய ஊட்டநீர். அவர் பாடிக்கொண்டே போட்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். பிறகு அன்று முழுவதும், மணிக்கொருமுறை, தன் தட்டின் சும்மா வரிசையைப் பார்த்தாள். எந்த வரிசையைப் பார்ப்பதற்கு முன்பும் முதலில் எட்டாவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உயிருள்ளது எப்படி இருக்கும் என்று கண்ணுக்கு நினைவூட்டிக்கொள்ள. அது எல்லோரும் செய்வதுதான். அவள் மட்டும் ஒவ்வொரு வரிசைக்குப் பின்பும் திரும்ப வந்து பார்ப்பாள். தன் கண்மேல் அவளுக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

அன்று மாலை தங்கையின் கையிலிருந்து டீக்கோப்பை விழுந்து உடைந்தது. “வழுக்கிடுச்சு” என்றாள். வழுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விரல்கள், அவை ஒரு கோப்பையைப் பிடித்திருக்கின்றன என்பதையே மறந்ததுபோல், ஒவ்வொன்றாக விலகின.

புதன் காலை அவருடைய தட்டில் சும்மா வரிசையின் பன்னிரண்டு குழிகளும் செழித்திருந்தன. அவளுடையதில் பத்துக் குழிகள் காலி. அமீபாக்கள் இருந்த இடத்தில் சாம்பல் தூள்போல ஒரு மங்கல்.

பேராசிரியர் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “வேணும்னே செஞ்சேன்னு நான் சொல்லல” என்றார். “தன் பேர் முதல்ல வரணும்னு ஆசைப்பட்டு, கண்டுபிடிப்பு பெரிசாத் தெரியட்டும்னு எல்லாத் தட்டுலயும் கொஞ்சம் கலந்துவிட்டவங்களை நான் பாத்திருக்கேன். அவ்வளவுதான் சொன்னேன். சனிக்கிழமைக்குள்ள இது உன்கிட்டேருந்து வரலைன்னு காட்டு. இல்லேன்னா திங்கள்கிழமை நீ வர வேண்டாம்.”

உன்கிட்டேருந்து வரலைன்னு. அவள் மேசைக்குத் திரும்பினாள். எதிரே வடிகட்டி பாடிக்கொண்டிருந்தார். முதல்முறையாக அந்தப் பாட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. பதினைந்து வருடமாக வடிகட்டியவர். எந்தக் கண்டுபிடிப்பிலும் பேர் வராதவர். தட்டுகளைக் கதகதப்பில் வைக்கும் இன்குபேட்டரின் சாவி அவரிடமும் இருக்கிறது. அவளுடைய தட்டில் மட்டும் சாவு என்றால், சாவை யாராவது கொண்டுவந்து போட்டிருக்கலாமே?

அன்று புதிய தட்டைப் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, நாடாவின் இணைப்பில் கையெழுத்துப் போட்டாள். நாடாவைத் தொட்டால் கையெழுத்து கிழியும். தட்டின் அடிப்பாகம் கண்ணாடிபோலத் தெளிவு, அந்த நுண்ணோக்கியும் கீழிருந்து பார்ப்பது, ஆகையால் திறக்காமலே பார்க்கலாம். மாலைக்குள் ஒன்பது முறை பார்த்தாள். எழுதிக்கொண்டாள்.

“என்ன மறுபடி, பூட்டு போடலையா?” என்றார் அவர்.

“போடலாம்னுதான் பாக்கறேன்.”

“என்மேல சந்தேகமா?”

“எல்லார்மேலயும்தான் அண்ணா.”

அவர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு பாடவில்லை.

வீட்டுப் படியில் கீழ்வீட்டு அம்மாள் வழிமறித்து நின்றாள். வழக்கமான புகார் என்று நினைத்து அவள் குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நன்றிம்மா. சொல்லி வெச்சுட்டே போலிருக்கு. ரெண்டு நாளா காலடிச் சத்தமே இல்ல. இருக்காளா இல்லையான்னே தெரியல, அவ்வளவு நல்ல பொண்ணா ஆயிட்டா.”

“படுத்திருக்கா அக்கா. அசதி.”

“இல்லையே, மத்தியானம் ஜன்னல்ல நின்னாளே. நான் கீழேருந்து பாத்துக் கையாட்டினேனே. நடக்கறா, சத்தம்தான் வரல.”

அவள் மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். தங்கை படுக்கையில்தான் இருந்தாள். அறையில் ஒரு மணம், கதகதப்பான ஈரத்தின் மணம். எங்கோ தினமும் முகர்ந்த மணம். எங்கே என்று பிடிபடவில்லை.

“எழுந்து நடந்தியா?”

“நடந்தேனே. நல்லாருந்துச்சு. ரொம்ப லேசா இருக்கு அக்கா, உடம்பு. காலைக் கீழ வெச்சாக்கூட வெச்ச மாதிரி இல்ல.”

அன்று அவள் ஒரு நாற்காலியைத் தங்கையின் அறை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பார்த்தாள். எழுதினாள். தங்கை தூக்கத்தில் முழங்கால்களை மெல்ல மெல்ல நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

*

வியாழன் காலை நாடா கிழிந்திருக்கவில்லை. கையெழுத்து அப்படியே இருந்தது. யாரும் தொடாத தட்டுக்குள் சும்மா வரிசை செத்துக் கிடந்தது.

முழுக்க இல்லை. நாடாவைச் சோதிக்கத் தட்டை இறுக்கி மாட்டாமலே வைத்திருந்ததால் இன்று ஓரங்களும் தெரிந்தன. ஒன்றாவது குழியிலும் பன்னிரண்டாவது குழியிலும் அமீபாக்கள் கால்பரப்பிச் சுகமாக இருந்தன. இதை அவள் புதன்கிழமையே பார்த்திருக்க வேண்டும். பத்துக் குழிகள் காலி என்றால் இரண்டு காலியில்லை என்றுதானே அர்த்தம். பழைய பக்கங்களைப் புரட்டினாள். திங்கள், செவ்வாய், எல்லாவற்றிலும் சாவு நடுவில்தான். ஓரத்து இரண்டு குழிகள் செத்ததாக ஒருமுறைகூட எழுதியிருக்கவில்லை.

ஓரத்தில் என்ன இருக்கிறது? தட்டை வழக்கம்போல நுண்ணோக்கியில் மாட்டிப் பார்த்தாள். ஆடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கவ்வி இருந்தது. அதன் இரண்டு பற்களும் அந்த இரண்டு குழிகளையும் மறைக்கும். கவ்வியைத் தளர்த்தினால்தான் அவை தெரியும். இன்று காலைவரை அவள் அவற்றைப் பார்த்ததே இல்லை.

அவள் குறிப்பேட்டை மூடினாள். பிறகு, இப்படி நினைப்பவளை ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்தே, ஒரு புதிய தட்டைப் போட்டாள். சும்மா வரிசையின் ஒற்றைப்படைக் குழிகளுக்கும் பன்னிரண்டாவதுக்கும் அடியில் அலுமினியத் தாளை வெட்டி ஒட்டினாள். எட்டையும் பத்தையும் விளக்குக்கு நேராக வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடிகாரத்தில் மூன்று நிமிடம் எண்ணினாள். இரண்டு, நான்கு, ஆறு. இவற்றை மூன்று நிமிடம் பார்த்தாள். சும்மா.

அன்று மாலை வீட்டில் தங்கை எழுந்திருக்கவே இல்லை. ரொட்டியைக் கையில் கொடுத்தால் பிடிக்கவில்லை. ஊட்டிவிட்டாள். “நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்” என்றாள். தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, “நீ பக்கத்துல இருந்து பாத்தாலே போதும்” என்றாள். அவள் பார்த்தாள். கண் எரியும்வரை.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ரத்தம் சரி, மூச்சு சரி. எடை மட்டும் குறைந்திருக்கிறது, கருவி பழுதாக இருக்கலாம் என்று அவரே தட்டிப் பார்த்துக்கொண்டார். தங்கையை வீட்டில் படுக்கவைத்துவிட்டு அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர நான்கு மணியாயிற்று.

“அண்ணா, ஒரு உதவி. இந்தத் தட்டை நீங்க படிங்க. எட்டாவது வரிசை மட்டும். தாளை எடுத்துட்டு, கவ்வியைத் தளர்த்திட்டுப் படிங்க. எதுவும் கேக்காதீங்க.”

அவர் முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

“ஒண்ணு, நல்லாருக்கு. ரெண்டு… காலி. மூணு, நல்லாருக்கு. நாலு, காலி.” குரலில் இருந்த கோபம் இறங்கியது. “அஞ்சு நல்லாருக்கு. ஆறு காலி. ஏழு நல்லாருக்கு. எட்டு, நல்லாருக்கு. ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு… எல்லாம் நல்லாருக்கு.” நாற்காலி கிறீச்சிட்டது. “என்ன பண்ணே? தாள் ஒட்டினது பொழைச்சிருக்கு. வெளிச்சம் பட்டுச் சாகுதா?”

“எட்டுக்கும் பத்துக்கும் வெளிச்சம் காட்டினேன் அண்ணா. அதே விளக்கு. அதே மூணு நிமிஷம்.”

“அப்ப ரெண்டு, நாலு, ஆறு?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

“அவ்வளவுதான். சும்மா பார்த்தேன்.”

அவர் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்க, இந்த வாரத்தின் எல்லாச் சந்தேகங்களையும் சேர்த்துக் கழுவிவிடுவதுபோல. “நல்ல பொண்ணும்மா நீ. மேடம்கிட்ட இதைப் போய்ச் சொல்லு, சனிக்கிழமை வரைக்கும்கூட வெச்சுக்க மாட்டாங்க. பாத்தாச் செத்துடுமாம், பாத்தா…”

அவள் திரும்பினாள், தான் விளையாடவில்லை என்று காட்டத்தான்.

சிரிப்பு நின்றது. அவர் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். விரல்களின் இடுக்கை மூடிக்கொண்டார்.

“இந்தப் பக்கம் பாக்காதே.”

“அண்ணா…”

“சொல்றேன்ல. அந்தப் பக்கம் திரும்பு.” “மூணு வாரமா முப்பத்தொன்பதையே பாத்த கண்ணு உன்னது. இத்தனை நாள் என்னை எவ்வளவு நேரம் பாத்திருப்பே?”

அவள் சுவருக்குத் திரும்பி யோசித்தாள். அதிகம் இல்லை. கூச்ச சுபாவம். யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. மேடமிடம் பேசும்போது தரையைத்தான் பார்ப்பாள். அப்படி விடாமல் பார்த்த முகம் என்று…

குறிப்பேட்டின் கடைசிப் பக்கம்.

பக்கம் நிறைய நேரங்கள். திங்கள் 7.30 பார்த்தேன். 8.00 பார்த்தேன். 8.30 பார்த்தேன். மறுபடி. மறுபடி. அவளுடைய நேர்த்தியான, சாய்வில்லாத கையெழுத்தில், வரி தவறாமல். எண்ணினாள். எண்பத்தாறு.

*

பேருந்தில் அவள் தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிர் இருக்கையில் ஒரு குழந்தை அவளைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டியது. நிமிரவில்லை. தொலைபேசியில் தங்கை உடனே எடுத்தாள்.

“எங்க இருக்கே அக்கா? சீக்கிரம் வா.”

“வந்துட்டே இருக்கேன். என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல. கீழ இருக்க முடியல. அவ்வளவுதான்.”

“கட்டிலைப் பிடிச்சுக்கோ. கேக்குதா? கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

“பிடிக்கறதுன்னா எப்படி?” என்றாள் தங்கை, நிஜமாகவே கேட்பதுபோல.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படிகளில் யாரும் இல்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு தளத்திலும் அதே சொட்டு, அதே இடைவெளி. நான்காம் மாடிக் கதவுக்கு வெளியே நின்று கழுத்திலிருந்த துணியை அவிழ்த்தாள். இரண்டாக மடித்து, கண்களை இறுகக் கட்டினாள். பின்னால் முடிச்சு. மேலே இன்னொரு முடிச்சு. சாவித் துவாரத்தை விரலால் தேடினாள்.

திறந்ததும் அந்த மணம். இப்போது தெரிந்தது. இன்குபேட்டரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே மணம். கதகதப்பு. ஈரம். நிறைய உயிர்கள் ஒரே இடத்தில் மூச்சுவிடும் நெடி.

“நான்தான்.”

ஜன்னல் திறந்திருந்தது, காற்றில் அதன் கதவு சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். அலமாரி. நாற்காலி. வாசற்படி. கட்டிலின் விளிம்பு முழங்காலில் இடித்தது. குனிந்து துழாவினாள். தலையணை. போர்வை. விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது.

படுக்கையில் யாரும் இல்லை.

“எங்கடி இருக்கே?”

“இங்கதான்.”

குரல் மேலிருந்து வந்தது.

அவள் நிமிரவில்லை. விரிப்பில் ஊன்றிய கையை எடுக்கவில்லை.

“ஏன் கண்ணைக் கட்டியிருக்கே?” குரல் கொஞ்சம் நகர்ந்தது. விளக்கு தொங்கும் இடத்துக்கு. “அவிழ்த்துடு.”

“மாட்டேன்.”

“என்னைப் பாக்க மாட்டியா?”

“இனிமே பாக்க மாட்டேன்டி. பாக்காம இருந்தா சரியாயிடும். ஓரத்துக் குழியெல்லாம் பொழைச்சுதுடி.” தான் சொல்வது தங்கைக்குப் புரியாது என்று தெரிந்தும் சொன்னாள். “நீயும் பொழைச்சுடுவே.”

“நீ பாத்தா நல்லாருக்கும் அக்கா. உள்ள எல்லாரும் கேக்கறாங்க.”

“உள்ள யாரு?”

பதிலுக்கு ஒரு சத்தம். நிறைய வாய்கள் மூடிக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்வதுபோல. ஒரே வயிற்றுக்குள்ளிருந்து. தங்கையின் குரல்தான். தங்கையின் குரல்கள்.

அக்கா. அக்கா. அக்கா. அக்கா.

ஏதோ அவள் கன்னத்தைத் தொட்டது. உதறிப் பின்வாங்கினாள். மறுபடி தொட்டது. மெல்லியது. நீளமானது. கையில் பிடித்தாள். முடி. மூன்று புரியாகப் பின்னிய பின்னல், நுனியில் ரப்பர் வளையத்தோடு, மேலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இழுத்தாள். வந்தது. துளிக்கூடக் கனம் இல்லை. விட்டதும் மேலே போனது.

பாய்ந்து பிடித்தாள். மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். மேலே, கூரையில், உருண்டையான ஏதோ ஒன்று மெத்தென்று இடித்தது. இன்னும் ஒருமுறை. இன்னும் கொஞ்சம் தள்ளி. பின்னல் அவள் கையை இழுக்கவில்லை, வழிகாட்டுவதுபோல் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனது. ஓரடி. இன்னோரடி. அவள் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

முகத்தில் காற்று பட்டது. வயிறு ஜன்னல் விளிம்பில் முட்டி நின்றது. கட்டிய கண்களோடு, உயர்த்திய கையோடு அவள் நின்றாள். கையிலிருந்து பின்னல் வெளியே, மேலே, நேராக விறைத்து நின்றது. கீழே தெருவில் யாரோ நடந்துவந்த காலடி நின்றது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிறைய. ஒவ்வொன்றாக எல்லோரும் நின்று, அண்ணாந்து, பார்த்துக்கொண்டிருந்தார்கள்.